பூங்காவில் இடமில்லை என்றால் நாயோடு எங்கே நடப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தெருநாய்த் தொல்லை பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. வர வேண்டியதுதான். ஆனால் வீட்டில் ஒழுங்காக நாய் வளர்த்து, ஊசி போட்டு, கழுத்தில் பெல்ட் மாட்டி வெளியே கூட்டிப் போகிறவர்கள் எங்கே நடக்கிறார்கள், அவர்களுக்கு நடக்க இடம் இருக்கிறதா என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன். கால்நடைப் பராமரிப்புத் துறையில் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நாகர்கோவில் பார்வதிபுரத்தில் குடியிருக்கிறேன். வீட்டில் செவலை என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் அதோடு நடக்கிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய்க்குப் பூங்காவில் இடம் கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டால் நாய் வீட்டிலேயே இருந்துவிடாது. வளர்க்கிறவர் அதை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்தோ, காரின் பின் சீட்டில் ஏற்றியோ தேரூர் குளக்கரைக்கும் மணக்குடிக் கழிமுகத்துக்கும் காளிகேசம் காட்டுக்கும் கொண்டு போவார். எங்கே நாயின் கால் படவே கூடாதோ அங்கே படும். ஊருக்குள் பூங்காவில் ஒரு மூலையும், சானல்கரை என்று நாங்கள் சொல்கிற பாசனக் கால்வாய்க் கரையில் ஒரு நல்ல பாதையும் கொடுத்தால் காடும் குளமும் தப்பிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கமெல்லாம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

நகரில் ஒரு பூங்கா வாசலில் காவலாளி என்னை நிறுத்தினார். “அம்மா, நாயெல்லாம் உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். போர்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அதே நேரத்தில் உள்ளே சிமென்ட் பெஞ்சுக்கு அடியில் தெருநாய்கள் சுருண்டு படுத்திருந்தன. அவற்றுக்கு ஊசி போட்டிருக்கிறார்களா இல்லையா என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஊசி போட்ட, அட்டை வைத்திருக்கிற, கையில் பிடித்திருக்கிற நாயை வெளியே நிறுத்திவிட்டு ஊசி போட்டதா என்றே தெரியாத நாயை உள்ளே வைத்திருப்பது யாருக்குப் பாதுகாப்பு?

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், வளர்ப்பு நாய்களைப் பூங்காவுக்குள்ளேயே விடமாட்டோம் என்று குடியிருப்போர் சங்கங்கள் தடை போடுவது சரியல்ல, நேரம் ஒதுக்கிக் கொடுக்கலாம் என்ற கருத்து இருக்கிறது. நாயைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், அது அசுத்தம் செய்தால் சுத்தம் செய்ய வேண்டும் என்று வளர்ப்பவர்களுக்கும் அதில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் நியாயம்தான். ஹைதராபாதில் கொண்டாப்பூர் பகுதியில் 2018-ல் மாநகராட்சியே நாய்களுக்கென்று தனிப் பூங்கா திறந்தது. அவ்வளவு பெரிதாக நான் கேட்கவில்லை. 2019-ல் மாநகராட்சியாகிவிட்ட நாகர்கோவிலில் இருக்கிற பூங்காக்களில் ஏதாவது ஒன்றில் கம்பிவேலி போட்ட ஒரு பக்கம் கிடைத்தால் போதும்.

நாயை எதற்கு நடத்த வேண்டும், வீட்டு முற்றத்தில் கட்டிப்போட்டால் போதாதா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். வேலையில் இருந்த காலத்தில் ஊசி போடப் போகிற வீடுகளில் நான் அதிகம் பயந்தது சங்கிலியிலேயே வளர்ந்த நாய்க்குத்தான். குட்டியிலிருந்து மனுஷரையும் வண்டியையும் வேறு நாயையும் பார்க்காமல் வளர்கிற நாய்க்கு வீட்டு வாசலைத் தாண்டி வருகிற எல்லாமே ஆபத்தாகத் தோன்றும். குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டும். ஒரு நாள் சங்கிலி அறுந்தால் முதலில் கிடைப்பது பால்காரரோ கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பியோதான். தினமும் வெளியே போய் நாலு மனுஷரைப் பார்த்துத் திரும்புகிற நாய் இப்படி ஆவது குறைவு. நடை என்றால் கால் வலிக்க ஓட்டுவதும் இல்லை. நாய்க்கு மூக்குதான் பிரதானம். செவலை ஒரு மின்கம்பத்தின் அடியில் நின்று மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாக முகர்ந்து, ஒரு அடி பின்னால் வந்து, திரும்பவும் அதே இடத்தில் மூக்கை வைக்கும். அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. அந்த முகர்தலில்தான் அதன் மனசு அடங்குகிறது. அரை மணி நேரம் நிதானமாக முகரவிட்டுக் கூட்டி வந்த நாய் வீட்டில் அமைதியாகப் படுத்துக்கொள்ளும்.

சரி, எங்கே நடப்பது? மேம்பாலம் வந்த பிறகும் பார்வதிபுரம் சந்திப்பில் கீழே நெரிசல் குறையவில்லை. நடைபாதை இருக்கிற இடத்தில் கடைச் சாமான் இருக்கிறது. நாயோடு தார்ச்சாலை ஓரத்தில் நடந்தால் பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அது மிரளும். வேனல் காலத்தில் எட்டு மணி ஆனாலே தார் சுட ஆரம்பித்துவிடும். புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தால் தெரியும், கொஞ்ச நேரம் வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயின் உள்ளங்காலுக்கும் அது ஆகாது. நமக்குச் செருப்பு இருப்பதால் இது மறந்துபோகிறது.

ஆகவே எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சானல்கரைதான் கதி. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் பிரிந்து வருகிற கால்வாய்களில் அனந்தனாறு ஒன்று. ஜூன் மாதம் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் சாகுபடிக்கு அணை திறந்தால், இரண்டாம் போகமான கும்பப்பூவும் முடிந்து பிப்ரவரி கடைசி வரை தண்ணீர் விடுவார்கள். அப்புறம் வரும் மூன்று மாதம் சேறும் குட்டையும்தான். புதுத் தண்ணீர் வருகிற நாளை எனக்கு முன்னால் செவலை கண்டுபிடித்துவிடும். காய்ந்து கிடந்த காலத்தில் சேர்ந்த சருகையும் தெர்மாகோலையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் முன்னால் தள்ளிக்கொண்டு, பழுப்பு நுரையோடு மெதுவாக வரும் அந்தத் தண்ணீர். கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே செவலை காதை விறைத்து நின்று மூக்கை மட்டும் அசைக்கும். தண்ணீர் பக்கத்தில் வந்ததும் ஒரு அடி பின்வாங்கும், பிறகு எட்டி முகரும். தென்னந்தோப்பு நிழல், தண்ணீரின் குளிர்ச்சி, மீன்கொத்தி, காலுக்கு மெத்தென்ற மண்பாதை. இதைவிட நல்ல நடைபாதையைக் கோடி ரூபாய் செலவழித்தாலும் புதிதாக உண்டாக்க முடியாது. தண்ணீர் பாய நம் முன்னோர் போட்ட கரை நடப்பதற்கும் கிடைத்திருக்கிறது. நாஞ்சில் நாடு முழுக்க இப்படிக் கால்வாய்க் கரைகளும் குளக்கரைகளும் எத்தனையோ கிடக்கின்றன.

அந்தக் கரையின் இன்றைய நிலைதான் வயிற்றெரிச்சல். சாயங்காலம் ஆனால் குடிக்கிறவர்கள் வந்து உட்காருகிறார்கள், போகும்போது பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பெரிய துண்டு கண்ணில் படும், விலகிவிடலாம். நகக்கண் அளவுச் சில்லு மண்ணோடு கலந்து கிடக்கும். செவலை ஒரு காலையில் நொண்டத் தொடங்கியபோது உட்கார்ந்து காலை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தேன். உள்ளங்கால் கறுப்புத் தோலில் ஒரு சிறு கோடு மட்டும் தெரிந்தது. விரலால் இரண்டு பக்கமும் மெல்ல விரித்ததும் உள்ளே பச்சைக் கண்ணாடி மினுங்கியது, அதற்குப் பிறகுதான் ரத்தம் வந்தது. நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, சுத்தமான துணியை அழுத்திப் பிடித்து, ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் அதில் அப்பக் கூடாது, கண்ணாடி உள்ளேயே நின்று சீழ் பிடித்துவிடும். அதே கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்பில்லாமல் குளிக்க ஓடுகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இதைவிட மோசம் கோழிக் கழிவு. ராத்திரியில் சாக்கு மூட்டையில் கட்டிக் கொண்டுவந்து கரையிலும் தண்ணீரிலும் வீசுகிறார்கள். குடலும் தலையும் இறகும் வெடித்துக் கிடக்கிற மூட்டையைச் சுற்றித் தெருநாய்கள் கூடும். தனியாக இருக்கும்போது வாலைக் குழைக்கிற அதே நாய், இரை கிடக்கும் இடத்தில் பத்து நாயோடு சேர்ந்தால் வேறு மாதிரி. அந்த வழியே போகிற யாராக இருந்தாலும் இரையைப் பிடுங்க வந்தவராகத்தான் அதற்குப் படும். கரையில் நடப்பவர்கள் கம்போடு நடப்பதும், பிறகு நடையையே விடுவதும் இதனால்தான். தெருநாய் பெருகிவிட்டது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் அந்த மூட்டை எந்தக் கடையிலிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-ல் வந்தன. அதன்படி கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் தினமும் மூட்டை மூட்டையாக இரை விழுந்துகொண்டிருந்தால் அந்த இடத்துக்குப் புது நாய்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.

கூட்டமாக நாய்கள் எதிரே வந்தால் ஓடாதீர்கள். கண்ணுக்குள் முறைத்துப் பார்க்காதீர்கள். உங்கள் நாயை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டு, முகம் அவற்றின் பக்கம் இருக்க, மெதுவாகப் பின்னால் நகருங்கள். சின்ன நாய் வைத்திருப்பவர்கள் பதற்றத்தில் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்கிறார்கள், அப்போது அந்த நாய்கள் உங்கள் மேலேயே பாயும்.

இப்போது நான் முதலில் சொன்ன இடங்களுக்கு வருகிறேன். சானல்கரை இப்படி ஆனதாலும் பூங்கா சாத்திக் கிடப்பதாலும் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் நாயை வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். கவிமணி பிறந்த தேரூரின் குளம் அருகில்தான் இருக்கிறது. பார்க்கவும் அழகு. சுசீந்திரம் – தேரூர் நீர்நிலைகள் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன, உலக அளவில் காப்பாற்ற வேண்டிய ஈரநிலம் என்ற தகுதி அது. குளிர்காலம் தொடங்கினால் வெளிநாட்டிலிருந்து உள்ளான்களும் வாத்துகளும் வரும். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் நிற்கும். அங்கே நாயை அவிழ்த்துவிட்டு, அது தண்ணீரோரம் ஓடுவதையும் பறவைகள் மொத்தமாக எழும்புவதையும் செல்போனில் படம் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாய் ஒரு பறவையைக் கூடக் கடிக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து உடம்பு வற்றி வந்த பறவை அது. இரை தின்னவும் இளைப்பாறவும்தான் வந்திருக்கிறது. ஒரு காலையில் நாலு தடவை அதை எழுப்பிவிட்டால், தின்றதெல்லாம் பறப்பதிலேயே தீர்ந்துவிடும். பெல்ட் போட்டிருந்தாலும் பறவைக் காலத்தில் அந்தக் கரைக்கு நாய் வேண்டாம் என்பதே என் கருத்து.

காளிகேசம், கீரிப்பாறை பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 2008-ல் அறிவிக்கப்பட்டது, 400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. புலியும் சிறுத்தையும் யானையும் உள்ள காடு. நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் என்ற கிருமி நோய் நாயோடு நிற்பதில்லை, புலி, சிறுத்தை, செந்நாய், நரி எல்லாவற்றுக்கும் தாவும். குஜராத் கிர் காட்டில் 2018-ல் குறுகிய காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது பலவற்றில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். நோய் வெளியே தெரிவதற்கு முன்பே நாயின் மூக்குச் சளியிலும் சிறுநீரிலும் கிருமி போய்க்கொண்டிருக்கும். ஆகவே என் நாய் நல்லாத்தானே இருக்கு என்று யாரும் சொல்ல முடியாது. யானை விஷயம் வேறு. யானையைப் பார்த்துக் குரைக்கிற நாய், யானை துரத்தினால் காட்டுக்குள் ஓடாது. தன்னைக் கூட்டி வந்தவரிடம்தான் ஓடி வரும், யானையும் பின்னால் வரும்.

புளியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் வனத்துறை பல்லுயிர்ப் பூங்கா வைத்திருக்கிறது, மான்கள் இருக்கின்றன. அங்கே நாய் வேண்டாம். மருந்துவாழ்மலையில் குரங்குகள் உண்டு, படிக்கட்டில் நாயும் குரங்கும் எதிரெதிரே வந்தால் விழுவது நாம்தான். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேலே நடக்கிற பாதை ஒடுக்கமானது, எதிரே ஆள் வந்தால் ஒதுங்கக் கூட இடம் இருக்காது. சிதறால் மலைக்கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சமணர் இடம். இதற்கெல்லாம் குடும்பத்தோடு போகலாம், நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

கடற்கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செவலைக்கு உலகத்திலேயே பிடித்த இடம் சொத்தவிளை. விடிகிற நேரத்தில் ஈர மணலில் அது நடப்பதைப் பார்த்தால் நமக்கும் வயசு குறையும். சங்குத்துறையும் நல்ல இடம். ஆனால் கடல் ஓரம் மீனவர்களின் வேலையிடம், அதை மறக்கக் கூடாது. கரைமடி இழுக்கிற நேரத்திலும் கருவாடு காயப்போட்ட இடத்திலும் நாயை அருகில் கொண்டுபோவது அவமரியாதை. வலையில் சிக்கி வேண்டாமென்று மணலில் எறிந்த பேத்தை மீன் கிடந்தால் உடனே நாயை இழுத்துக்கொள்ளுங்கள். அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. நாக்கும் காலும் மரத்து, மூச்சு நின்றுவிடும். கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் ஆகும், வீட்டிலிருந்தே ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும்.

பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் நம் கரையில் ஏறி முட்டையிடும் காலம் தை மாதத்தில் தொடங்கும். மணலில் குழி தோண்டி சுமார் நூறு முட்டை இட்டு மூடிவிட்டுத் திரும்பிப் போகும். அந்தக் குழியை மனுஷன் கண்டுபிடிக்கச் சிரமப்படுவான், நாய்க்கு ஒரு நிமிஷம் போதும். வனத்துறையினர் ராத்திரி தூக்கம் விழித்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அந்த மாதங்களில் கடற்கரையில் நாய் நம் கையை விட்டுப் போகவே கூடாது. திடீரென்று பெரிய அலை எழும்புகிற கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருக்கிற நாளில் போகவே வேண்டாம். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். நாய் அலையில் மாட்டினால் நாம் யோசிக்காமல் பின்னால் இறங்கிவிடுவோம், அதுதான் ஆபத்து.

நாய் என்றாலே பயப்படுகிறவர்களின் பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். அவர்கள் பயம் நியாயமானது. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. சானல்கரையில் எதிரே வயசான ஒரு பாட்டா வருவார், சின்ன வயதில் கடிபட்டவர். அவரைத் தூரத்தில் பார்த்ததுமே பெல்ட்டைக் கையில் சுற்றிச் சுருக்கி, செவலையைத் தோப்புப் பக்கம் ஒதுக்கி உட்காரவைத்து, அவர் தாண்டுகிற வரை நின்றுகொள்வேன். ஒரு நாள் அவராகவே நின்று, “நீ இப்பிடி ஒதுங்கி நிக்கிறதுனாலதான் மக்களே நான் இந்த வழியா வாறேன்” என்றார். நாய் வளர்க்கிற எல்லாரும் இப்படி ஒதுங்கி நிற்க வேண்டும். “ஒண்ணும் செய்யாது, பயப்படாதீங்க” என்று கத்திக்கொண்டே நாயை அவர்கள் மேல் விடுகிற பழக்கம் ஒழிய வேண்டும். அது ஒன்றும் செய்யாது என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்?

பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். எதிர்வீட்டுக் குழந்தை “ஆச்சி, தொடட்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது பக்கத்தில் வருகிறாள். கையை மூடி நீட்டி, நாய் முகர்ந்து முடிக்கிற வரை அசையாமல் நிற்கிறாள். பிறகு தாடைக்குக் கீழே தடவுகிறாள். தலைக்கு மேலே கை வந்தால் நாய் மிரளும் என்பது அவளுக்குத் தெரியும். தின்னும்போதும் தூங்கும்போதும் குட்டிகளோடு இருக்கும்போதும் எந்த நாயையும் தொடக் கூடாது என்பதும் தெரியும். பூங்காவில் நாய்க்கு ஒரு பக்கம் இருந்தால் எத்தனையோ பிள்ளைகள் இதை அங்கேயே கற்றுக்கொள்வார்கள்.

யாருக்குக் கடிபட்டாலும், வளர்ப்பு நாயாக இருந்தாலும், குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. இன்னமும் நம் ஊரில் வைக்கிறார்கள். பிறகு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று அட்டையில் எழுதித் தருகிற ஊசியில் ஒன்றைக் கூட விடக் கூடாது. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் மருந்தையும் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு ஊரில் உள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு. வீட்டு நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசியும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் போட வேண்டும். உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28-ஐ ஒட்டி இலவச முகாம்கள் நடக்கும், அப்போதாவது கொண்டுபோங்கள். சானலில் தேங்கிய குட்டைத் தண்ணீரைக் குடித்து எலிக்காய்ச்சல் வந்த நாய்களையும் வேலையில் பார்த்திருக்கிறேன். அதற்கும் சேர்த்துக் கூட்டுத் தடுப்பூசி இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.

நாயின் கழிவை எடுக்கிற விஷயத்தில் நம் ஆட்களுக்குக் கூச்சம் அதிகம். மாட்டுச் சாணம் மாதிரி மண்ணுக்கு உரம்தானே என்கிறார்கள். அது உரமில்லை. அதில் கொக்கிப்புழு முட்டை இருக்கும், அது பொரித்து வருகிற புழு வெறுங்காலில் நடக்கிற பிள்ளைகளின் தோலுக்குள் நுழையும். சட்டைப் பையில் பழைய காகிதமும் ஒரு கவரும் வைத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்? பூங்காவில் இடம் கேட்கிற நாம் இதைச் செய்யாவிட்டால் கேட்க வாயே இல்லை.

இன்னொரு கொடுமையும் சானல்கரையில் நடக்கிறது. ஆசைப்பட்டு வாங்கிய லாப்ரடாரையும் பக் நாயையும், குளிர்நாட்டு ஹஸ்கியையும் கூட, வயசானதும் நோய் வந்ததும் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறார்கள். கழுத்தில் பெல்ட்டின் தடம் மாறாமல் இருக்கும். போகிற ஒவ்வொரு காரின் பின்னாலும் கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும், திரும்பி வந்து அதே இடத்தில் உட்காரும். மூன்று நாளில் தெருநாய்கள் அதைக் கடித்துப் போட்டுவிடும். வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். நாய்களை மாநகராட்சியில் கண்டிப்பாகப் பதிவு செய்ய வைத்தால் யாருடையது என்று கண்டுபிடிக்கலாம்.

மாநகராட்சியிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு பூங்காவில், ஒரு பக்கம் வேலி போட்டு, காலையில் ஏழரை மணி வரையும் சாயங்காலம் ஒரு மணி நேரமும் பெல்ட் போட்ட நாய்களை அனுமதியுங்கள். தடுப்பூசி அட்டை இல்லாத நாயை உள்ளே விட வேண்டாம். கழிவு போட மூடியுள்ள ஒரு தொட்டி வையுங்கள். சுத்தம் செய்யாதவருக்கு அபராதம் போடுங்கள், நான் முதல் ஆளாக ஆதரிப்பேன். சானல்கரை நீர்வளத்துறையின் இடம் என்றும் குப்பை மாநகராட்சியின் வேலை என்றும் மாற்றி மாற்றிச் சொல்லாமல் இரண்டு துறையும் சேர்ந்து, தண்ணீர் இல்லாத இந்த மூன்று மாதத்துக்குள் கண்ணாடியை அள்ளி, புதரை வெட்டி, நாலு விளக்கு போடுங்கள். சிமென்ட் ஓடு பதிக்க வேண்டாம், மண்பாதையாகவே இருக்கட்டும். கோழிக் கழிவு கொட்டுகிற வண்டியைப் பிடிக்க ஒரு கேமரா வையுங்கள். “நாய்களுக்கு அனுமதி இல்லை” என்ற போர்டைப் பூங்கா வாசலிலிருந்து எடுத்துத் தேரூர் குளக்கரையில் நடுங்கள், அங்கேதான் அதற்கு அவசியம் இருக்கிறது.

பூங்காவில் இதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்வார்கள். முதல் சில மாதங்களுக்கு வாசலில் உட்கார்ந்து தடுப்பூசி அட்டையையும் பெல்ட்டையும் பார்த்து உள்ளே அனுப்புகிற வேலையை நானே சம்பளம் இல்லாமல் செய்கிறேன். அட்டையைப் பார்த்ததும் எந்த ஊசி எப்போது போட வேண்டும் என்று சொல்லவும் எனக்குத் தெரியும். அனுமதி கேட்டு மனுவை எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன். நாய் வளர்க்கிற வாசகர்கள் அன்று தங்கள் தடுப்பூசி அட்டையின் நகலோடு வந்து கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
பார்வதிபுரம், நாகர்கோவில்.